பதினெட்டு அடி மூங்கில்

எங்கள் குப்பத்தில் படகு ஒருவருடையதாக இருக்கும், வலை இன்னொருவருடையதாக இருக்கும். படகைத் தள்ளுகிற கோல் மட்டும் அதைப் பிடிப்பவனுக்கே சொந்தம். அவன் படகை விட்டுப் போனால் கோலையும் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அவன் இடத்துக்கு வருகிறவன் தன் கோலோடுதான் வர வேண்டும்.

எங்கள் குப்பம் என்று இப்போது கூசாமல் எழுதுகிறேன். நான் அங்கே பிறந்தவன் இல்லை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற குடும்பம். ஏழாம் வகுப்பில் பாதி படித்தேன், மீதிப் பாதிக்குப் போகவில்லை. கரும்பு வெட்டினேன், செங்கல் சூளையில் மண் மிதித்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் சென்னையில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன். நாலாவது மாடி உயரத்திலிருந்து மணல் குவியல்மேல் விழுந்ததில் இடது காறை எலும்பு உடைந்தது. அது கோணலாகச் சேர்ந்துகொண்டது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இன்றும் இருக்கிறது. சாரம் ஏற முடியாததால் மரக்காணத்து உப்பளத்துக்கு வந்தேன். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்தான் என் மனைவி. அவள் அப்பா இறந்ததும், அவருடைய படகு அவள் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் இரண்டு முறை ஊரைவிட்டுப் போனேன். ஒரு முறை திருப்பூர், எட்டு மாதம். ஒரு முறை கேரளா, ஒரு வருடம். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, வேலை பிடிக்காமலும் போகவில்லை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று மாதம் சேர்ந்தாற்போல விடிந்தால் எனக்குக் கால் அரிக்கும். பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவேன். கேரளாவிலிருந்து திரும்பி வந்த அன்று அவள் எனக்குக் கேப்பைக் களி போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி பையத் தூக்குனா சாவிய எடுத்துக்கினு போவாத," என்றாள். "பூட்ட மாத்திடுவேன்."

மழை வரப்போகிறது, துணியை எடு என்பது போலச் சொன்னாள். அதனால்தான் நான் பயந்தேன்.

அந்த வாரமே மச்சானின் படகில் கோல் பிடித்தவன் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கோலையும் எடுத்துப்போய்த் தன் அக்கா வீட்டில் வைத்துவிட்டான். மச்சானுக்கு ஆள் தேவைப்பட்டது. எனக்கு ஊரில் தங்குவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்துக் கழிமுகத்தில் தண்ணீர் சில இடத்தில் கழுத்தளவு, பல இடத்தில் முழங்கால் அளவு. அடியில் சேறு. மோட்டார் போட்டால் விசிறி சேற்றிலும் பாசியிலும் சிக்கிக்கொள்ளும். அதனால் படகுக்கு இரண்டு பேர். முன்னால் ஒருவன் வீச்சு வலையோடு நிற்பான். பின்னால் ஒருவன் நின்று, கோலைத் தரையில் ஊன்றிப் படகைத் தள்ளுவான். மடவை மீனுக்குச் சின்னச் சத்தம் போதும், கூட்டமாகத் துள்ளி ஓடிவிடும். ஆகவே பேசக்கூடாது, கோல் படகின் விளிம்பில் இடிக்கக்கூடாது. பின்னால் நிற்பவன் கண்ணுக்குத்தான் மீன் முதலில் தெரியும். அவன் இடது காலை அழுத்தினால் படகு லேசாக இடது பக்கம் சாயும். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் வலையை வீசுவான்.

மழைக்காலத்தில் கடல் மணல்திட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும், குறுகலான ஓர் ஓடை வழியாகத்தான் மீன் ஏறும். அந்த ஓடையில் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் போக முடியும். அதனால் கோவிலில் சீட்டுப் போட்டு ஒவ்வொரு படகுக்கும் ஒரு காலை என்று முறை வைப்பார்கள். முறை நாளில் எவன் கோலோடு ஓடைக்குள் நுழைகிறானோ, அவன்தான் கோடையில் தண்ணீர் வற்றும்வரை அந்தப் படகின் ஆள். நடுவில் மாற்றமாட்டார்கள். மாற்றினால் மீன் வராது என்பார்கள். மீன் வருமோ வராதோ, இந்த வழக்கத்தால் யாரும் யாரையும் நட்டாற்றில் விடுவதில்லை.

மச்சானுக்கு வியாழக்கிழமை முறை விழுந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவனிடம் போய்க் கேட்டேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க," என்றான். "நீங்க பாட்டுக்குப் பாதியில பஸ் ஏறிட்டா என் சீசனே போச்சு. அதுவும் இல்லாம ஒங்களுக்குக் கோலு புடிக்கத் தெரியாது."

"ஆறு வருசம் கம்புமேல நின்னு பொழச்சவன்டா நான்."

"நீங்க கம்புமேல நின்னீங்க. இங்க கம்பு ஒங்க கையில நிக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "ஞாயித்துக்கிழம வாங்க, பாப்போம். சரிப்படலன்னா வடக்குத் தெரு ஆளு கேட்டுக்கினே கீறான்."

எனக்குக் கோபம் வந்தது. மரம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை ஒரு சவுக்குத் தோப்புக்குப் போய், அரை நாள் தேடி ஒரு கம்பைப் பொறுக்கினேன். பதினாறு அடி. அம்பு மாதிரி நேர். மூன்று ஆள் தொங்கினாலும் வளையாது. கொட்டிப் பார்த்தால் மணி போலச் சத்தம். சாரத்துக்கு இப்படி ஒரு கம்பு கிடைத்தால் மேஸ்திரி அதை ஒளித்து வைத்துக்கொள்வார்.

வீட்டு வாசலில் போட்டேன். என் மனைவி குனிந்து பார்த்தாள்.

"வீடு கட்றியா?" என்றாள்.

கல்யாணம்வரை, உப்பளத்தில் வேலை இல்லாத மழைக்காலங்களில் அவள் தன் அப்பாவுக்குக் கோல் பிடித்தவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறேழு படகுகள் தண்ணீரில் இருந்தன. நான் மச்சானின் படகில் பின்னால் ஏறி நின்றேன். கோலைத் தூக்கும்போதே தோள் கனத்தது. முதல் தள்ளலில் கோல் விளிம்பில் டங்கென்று இடித்தது. தூரத்தில் மடவைக் கூட்டம் ஒன்று துள்ளிப் போனதைப் பார்த்தேன். மச்சான் வலையைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கு வலிமையைக் காட்ட நினைத்து, அடுத்த தள்ளலில் என் உடம்பு எடை முழுவதையும் கோலில் போட்டேன்.

படகு நன்றாகவே போனது. கோல்தான் வரவில்லை. கை நீளத்துக்குச் சேற்றில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. படகா, கோலா என்று முடிவு செய்ய ஒரு நொடி இருந்தது. சாரத்தில் வேலை செய்தவனுக்கு அந்த ஒரு நொடியில் யோசனையே வராது. காலுக்குக் கீழே பலகை நழுவினால் கம்பைக் கட்டிப் பிடி என்று ஆறு வருடம் உடம்பு படித்திருக்கிறது. கட்டிப் பிடித்தேன். படகு என் காலுக்குக் கீழேயிருந்து போய்விட்டது. தண்ணீருக்கு நடுவில் கம்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். நல்ல கம்பு, ஒடியவில்லை. மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்து என்னைச் சேற்றில் படுக்க வைத்தது.

"மேஸ்திரி, அது எத்தினாவது மாடி?" என்று ஒரு படகிலிருந்து சத்தம் வந்தது.

"யோவ், பூச்சு வேல முடிஞ்சிதா?" என்றது இன்னொரு படகு.

படகிலிருந்து விழுந்தவன் அன்றைக்குத் தண்ணீரில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே ஒரு வழக்கம். சேறு காய்ந்த உடம்போடு டீக்கடையில் நின்று வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வியாழக்கிழம வரைக்கும் டைம் கீது மாமா," என்றான். "ஆனா இந்தக் கம்ப வச்சிக்கினு என் படகுல ஏறாதீங்க."

வீட்டில் என் மனைவி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். காதுக்குள்ளிருந்தெல்லாம் சேறு வந்தது.

"கோல விட்டுட்டுப் படக புடிக்கணும்," என்றாள். "கோலு எங்க போவப்போவுது? மெதக்கும், அப்புறமா வந்து எடுத்துக்கலாம்."

"இது மெதக்காதே."

"அதான். மெதக்காதது கோலே இல்ல. இது தூணு."

"நேத்தே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கேட்டியா நீ?"

கேட்டேன். அப்போதுதான், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டேன். அவள் ஒரு நூல்கயிறு எடுத்துவந்தாள். என்னைச் சுவரோடு நிற்க வைத்து என் உயரத்தை மூன்று தடவை அளந்து, அதற்குமேல் ஒரு முழம் விட்டு ஒரு முடிச்சுப் போட்டாள். அது நீளம். பிறகு என் பெருவிரலையும் நடுவிரலையும் வளைக்கச் சொல்லி, அந்த வளையத்துக்குள் கயிற்றைச் சுற்றி இன்னொரு முடிச்சுப் போட்டாள். அது கை பிடிக்கிற இடத்தின் பருமன்.

"அதுக்குமேல ரெண்டு வெசயம்," என்றாள். "தண்ணியில அமுக்கி வுட்டா எகிறி வரணும். அழுத்துனா வளையணும், வுட்டா நிமுரணும். வளையாத கோலு ஒன்ன வளச்சிடும்."

"சேத்துல மாட்டுமே?"

"மாட்டும். திருகி இழுக்கணும். அது பழகப் பழகத்தான் வரும்."

எனக்குப் பழகுவதற்கு நாலு நாள்கூட இல்லை. அன்று மதியம் படுத்துக்கொண்டே அதைப் பற்றி யோசித்தேன். இளகின மண்ணில் சாரம் நிறுத்தும்போது கம்பின் அடியில் ஒரு துண்டுப் பலகை வைப்போம், கம்பு இறங்காது. கோலுக்கும் அடியில் ஒன்று இருந்தால்? அவளிடம் சொன்னேன்.

"பலக கட்னா உள்ள போவாது, சரி. போனா வெளிய வராது," என்றாள். உண்மைதான். ஆனால் பலகைக்குப் பதில் இரண்டாகப் பிரிந்த ஒரு கவட்டை இருந்தால், சேறு நடுவில் வழிந்து போகும். தாங்கவும் தாங்கும், விடவும் விடும் என்றேன். அவள் முடிச்சுப் போட்ட கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கம் சவுக்குதான் விளைகிறது, மூங்கில் வெளியிலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமை மூங்கிலுக்குப் பணம் புரட்டுவதில் போய்விட்டது. செவ்வாய் காலை முதல் பேருந்தில் திண்டிவனம் போனேன். அங்கே மூன்று கடையிலும் பந்தலுக்கும் ஏணிக்கும் வெட்டிவைத்த பன்னிரண்டடி மூங்கில்தான். நீளம் வேண்டுமென்றால் விழுப்புரம் போ என்றார்கள். போனேன்.

விழுப்புரத்தில் ரயில் பாதை ஓரமாக ஒரு மூங்கில் கடை. சுவர் நெடுக மூங்கில்கள் சாய்ந்து நின்றன. கடைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நீளமான மூங்கில் ஒன்று வேண்டும், அவசரம் என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "எப்ப எடுக்கிறாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"நான்தான் எடுத்துக்கினு போறேன். இப்பவே."

"அதில்லப்பா. ஒண்ணு பத்தாதே, ரெண்டு வேணுமே. பச்ச ஓலையும் நம்மகிட்டயே கெடைக்கும்."

பாடைக்கு இல்லை, படகுக்கு என்று புரிய வைத்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டார். நீயே பார்த்து எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார்.

இருநூறு மூங்கிலாவது இருக்கும். முதலில் கயிற்றைப் போட்டு நீளத்துக்குப் பொறுக்கினேன். முப்பதுக்குமேல் தேறின. இரண்டாவது முடிச்சு அதில் இருபதைத் தள்ளியது. மிச்சத்தை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, அடியைத் தரையில் ஊன்றி என் எடையைப் போட்டு அழுத்தினேன். சில மூங்கில்கள் வளையவே இல்லை. சனிக்கிழமையாக இருந்தால் அவற்றைத்தான் எடுத்திருப்பேன். சில வளைந்து அப்படியே நின்றன. சரியாக வளைந்து சரியாக நிமிர்ந்தவை நாலு. கூடை முடைகிறவர்களுக்காக மூங்கில் ஊறவைக்கிற சிமெண்ட் தொட்டி ஒன்று பின்னால் இருந்தது. நாலையும் அங்கே தூக்கிப்போய், நுனியைச் சுவர்மேல் சாய்த்து, அடியைத் தண்ணீரில் அமுக்கி விட்டேன். இரண்டு மந்தமாக எழுந்தன. இரண்டு என் கையைத் தட்டிவிட்டு எழுந்தன.

"போலீசு வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி பாக்குற," என்றார் கடைக்காரர்.

கடைசி இரண்டில் ஒன்று மஞ்சளாக, ஒரு கோணல் இல்லாமல் இருந்தது. பார்த்தால் கை தானாகப் போகும். மற்றதில் மேல் பக்கம் ஒரு சின்ன வளைவு. இந்த இடத்தில்தான் நான் சாரத்தில் கழித்த வருடங்கள் உதவின. அழகாக இருக்கிற கம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று சாரத்தில் நின்றவனுக்குத் தெரியும். கணுக் கணுவாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது கணுவில் சத்தம் செத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், ஊசி முனை அளவு துளை, அதிலிருந்து மாவு கொட்டியது. பூச்சி உள்ளே இருந்தது. வளைந்ததைத் தட்டினேன். அடியிலிருந்து நுனிவரை ஒரே சத்தம்.

"கோணல எடுக்கிறியே," என்றார் அவர்.

அதை இடது தோளில் வைத்துப் பார்த்தேன். அந்த வளைவு, உடைந்து கோணலாகச் சேர்ந்த என் எலும்பின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பதினெட்டு அடி மூங்கில் ஒரு துண்டு போலத் தோளில் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த எலும்பால் எனக்கு ஒரு நன்மை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

வாங்கிவிட்டேன். எப்படி எடுத்துப்போவது என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன். பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் மூங்கிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார்.

"இத்த ஏத்துனா முன்னாடி போற பஸ்ஸுக்கும் சேத்து டிக்கெட் போடணும்யா," என்றார். "ரெண்டா வெட்டிக்கினு வா."

எல்லோரும் அதையே சொன்னார்கள். ரெண்டா வெட்டு, அப்புறம் சேர்த்துக் கட்டிக்கொள். வெட்டிச் சேர்த்த கம்பு, சேர்த்த இடத்தில்தான் உடையும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு வைக்கோல் லாரி நின்றது. நானும் லாரியில் இருந்தவன் என்பதால், என்ன பேசினால் டிரைவர் மனம் இளகும் என்று எனக்குத் தெரியும். மூங்கிலை வைக்கோல்மேல் கட்டி, வெளியே நீண்ட முனையில் என் சிவப்புத் துண்டைக் கட்டினேன். திண்டிவனம்வரை வைக்கோலுக்குமேல் மல்லாந்து படுத்து, மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

திண்டிவனத்தில் லாரி வேறு பக்கம் திரும்பியது. இறங்கி, மரக்காணம் சாலைக்குத் திரும்பும் முனையில் மூங்கிலைத் திருப்பினேன். முன்முனை ஒரு பழ வண்டியிலும் பின்முனை ஓர் ஆட்டோவிலும் தட்டியது. போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு, "எந்தக் கட்சிக் கொடிப்பா?" என்று கேட்டார். கட்சி இல்லை என்றேன். "அப்ப ஜல்தியா போ," என்று கையைக் காட்டினார். மந்திரிக்கு வழி விடுவது போல வண்டிகள் நின்றன. நான் மூங்கிலோடு நடு ரோட்டில் நடந்து போனேன்.

அங்கிருந்து நடைதான். தோளில் பள்ளம் இருந்ததால் பாரம் தெரியவில்லை. முன்னும் பின்னும் சமமாக ஆடிக்கொண்டு வந்தது. ஒரு பை மல்லாட்டைக் கடலை வாங்கி மென்றுகொண்டே நடந்தேன். இதே சாலையில்தான் நான் இரண்டு முறையும் ஊரைவிட்டுப் போனேன். இரண்டு முறையும் ஜன்னல் ஓர இருக்கையில், திரும்பிப் பார்க்காமல். இப்போது கால்நடையாக, எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மலையடியில், உப்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று ஒலி எழுப்பி நின்றது. உப்பளத்தில் என்னோடு வேலை செய்தவன் உள்ளே இருந்தான்.

"இன்னாய்யா, இன்னா இது?"

"கோலு."

"யாருக்கு?"

"எனக்கு," என்றேன். அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

புதன்கிழமை முழுவதும் வேலை. என் மனைவி உடைந்த கண்ணாடித் துண்டால் கணுக்களைச் சுரண்டி வழவழப்பாக்கினாள், கை கிழியாமல் இருக்க. நான் ஒரு பூவரச மரத்தில் கையளவு கவட்டை ஒன்று வெட்டி, அதன் காம்பைச் சீவி மூங்கிலின் அடியில் செருகினேன். தேங்காய் நார்க் கயிற்றை ஊறவைத்து, சாரத்துக்குப் போடுகிற கட்டுப் போட்டேன். ஈரத்தில் கட்டினால் காயும்போது இறுகும், நனைந்தாலும் நழுவாது. ஆறு வருடத்தில் என் கட்டு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. நான் விழுந்தது வேறொருவன் போட்ட கட்டு அவிழ்ந்ததால்.

சாயங்காலம் மச்சானின் படகை அவள் கேட்டு வாங்கினாள். கரையோரமாக அவளே முதலில் தள்ளிப் பார்த்தாள். கோலை ஊன்றினாள். கவட்டை ஒரு சாண் இறங்கி நின்றது. அழுத்தினாள், வளைந்தது, படகு நழுவியது. கால்வாசி திருகினாள், சேறு விட்டுவிட்டது. இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தாள். பிறகு கோலை என்னிடம் நீட்டினாள்.

"தள்ளு," என்றாள். "மாட்டுனா எத்த வுடணும்?"

"கோல."

"எத்தப் புடிக்கணும்?"

"படக."

"நல்லா சொல்லிக்கோ."

இருட்டும்வரை தள்ளினேன். வேண்டுமென்றே மாட்டவைத்து, வேண்டுமென்றே கோலை விட்டுப் பழகினேன். ஒவ்வொரு முறையும் என் கை விட மறுத்தது. விட்ட ஒவ்வொரு முறையும் கோல் தண்ணீரிலிருந்து எகிறி வந்து காத்திருந்தது.

வியாழக்கிழமை விடிந்து வெளுக்கும்போது கரையில் கூட்டம் நின்றது. வடக்குத் தெருக்காரனும் தன் கோலோடு வந்திருந்தான். ஓடை வாய்க்கு முன்னால் ஐம்பது அடி நீளத்துக்குக் கருஞ்சேறு. நல்ல ஆள்களையே நிறுத்திவிடும் இடம். அதுவரைக்கும் ஆளை மாற்றலாம், ஓடைக்குள் நுழைந்துவிட்டால் மாற்ற முடியாது. ஆகவே மச்சான் சொன்னது நியாயம்தான்: "சேத்துல நின்னுட்டா கரைக்குத் திரும்பிடலாம் மாமா. அவன் ஏறிக்குவான்."

நான் கோலைத் தூக்கினதும் கவட்டையைப் பார்த்துவிட்டுக் கரையில் ஒருவன், "மேஸ்திரி கோலுக்குச் செருப்புப் போட்டு வந்துகீறாரு," என்றான். சிரித்தார்கள்.

கருஞ்சேறு வந்தது. முதல் ஊன்றலில் கவட்டை இறங்கி, நின்றது. அழுத்தினேன். மூங்கில் வில் போல வளைந்து நிமிர்ந்தபோது அது என்னைத் தள்ளியது, நான் படகைத் தள்ளினேன். திருகினேன், வந்தது. இரண்டு, மூன்று, நாலு. பாதியில் ஓரிடத்தில் மட்டும் கோல் ஒரு முழம் உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது. படகு நகர்கிறது, கோல் வரவில்லை. என் இரண்டு கையும் கோலை இறுக்கின.

விட்டேன்.

விட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். கவட்டையின் நடுவில் சேறு வழிந்து இடம் கொடுத்தது. மூங்கில் தானாக எழுந்து, படகின் பின்னாலேயே மிதந்து வந்தது. கை நீட்டி எடுத்துக்கொண்டேன். படகு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஊன்றலில் சேற்றைத் தாண்டிவிட்டோம்.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. கரைக்கும் கையசைக்கவில்லை. வலையைத் தோளில் ஏற்றி, அதன் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டான். வீசுவதற்குத் தயாராகிவிட்டான் என்று அர்த்தம். படகு ஓடைக்குள் நுழைந்தது.

உள்ளே தண்ணீர் தெளிவு. கோல் எங்கேயும் இடிக்கவில்லை, அது இருப்பதே தெரியவில்லை. வலது பக்கம் தண்ணீரில் லேசாகச் சுருக்கம் விழுவதைப் பார்த்தேன். வலது காலை அழுத்தினேன். படகு சாய்ந்தது, வலை விரிந்து விழுந்தது. இழுத்தபோது மச்சானின் முதுகுத் தசை புடைத்தது. வலை முழுவதும் மடவை. அடுத்தது இடது பக்கம். அதற்கடுத்து மறுபடி இடது. ஐந்தாவது வீச்சில் என் தொடை நீளத்துக்கு ஒரு கொடுவா வந்து பலகையில் அடித்தது. சூரியன் பனைமரத் தலைக்கு மேல் வந்தால் முறை முடிந்தது. அது வரும்போது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல்தான் இருந்தது. அந்தப் பாரத்தோடு அதே கருஞ்சேற்றைத் திரும்பவும் தாண்டினேன்.

கரையேறியதும் வடக்குத் தெருக்காரன் நேராக என்னிடம் வந்தான். கோலை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, கவட்டையை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"இந்தக் கட்டு எப்டி போட்ட மேஸ்திரி?" என்றான்.

அதே பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை அது வேறு மாதிரிக் கேட்டது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் ஐந்து கோல்களுக்கு நான் கவட்டை கட்டிக் கொடுத்தேன்.

மச்சான் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். மீனைக் கூடையில் தட்டிவிட்டு, வலையை உதறிக்கொண்டே, "நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுங்க மாமா," என்றான்.

கோலை வீட்டுக்கு எடுத்துப்போனேன். வீடு பன்னிரண்டு அடி. கூரை இறவாரத்துக்குக் கீழே கயிறு கட்டி மாட்டினேன். இரண்டு பக்கமும் மும்மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. என் மனைவி கொடுவாவின் தலையைக் கழுவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"இனிமே ஓடிப்போவணும்னா இத்தயும் எடுத்துக்கினுதான போவணும்," என்றாள். "எந்த பஸ்ல ஏத்துவ?"

நான் விழுப்புரத்து நடத்துநர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கையிலிருந்த மீன் தலையைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சிரித்தாள். ஐந்து மழைக்காலம் ஆகிவிட்டது. வீட்டின் பூட்டு பழைய பூட்டுதான்.